மே மாசம் வந்து கேட்டா லேட்டு: அரசுப் பள்ளியில் உயர்கல்வி வழிகாட்டல்

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். வாசிப்புக்காகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

போன அத்தியாயத்துக்கு வந்த குரல் செய்திகளைக் கேட்டுப் பார்த்தேன். பாதிக்கு மேல் ஒரே கேள்விதான். "சார், பொண்ணு பிளஸ் டூ முடிச்சிட்டா, இனிமே என்ன சேர்க்கலாம்?" நான் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியில் வணிகவியல் நடத்துகிறேன். உயர்கல்வி வழிகாட்டல் பொறுப்பும் என்னிடம்தான் இருக்கிறது. அதனால் இந்தக் கேள்வி எனக்குப் புதுசு இல்லை. ரிசல்ட் வந்த அடுத்த நாள் காலையில் பள்ளி வாசலில் நிற்கிற பெற்றோர் எல்லாரும் கேட்பது இதைத்தான். அவர்களுக்கு நான் சொல்லக்கூடிய பதில் ரொம்பச் சின்னது. ஏன்னா பாதிக் கதவு அதுக்குள்ள சாத்தியாச்சு.

எப்படின்னு சொல்றேன். பிளஸ் டூ பொதுத்தேர்வு மார்ச்சில். ரிசல்ட் மே மாதத் தொடக்கத்தில். ஆனால் தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான கிளாட் தேர்வு டிசம்பரிலேயே முடிந்துவிடும். அதற்கு விண்ணப்பம் ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர் காலத்தில். ஜேஇஇ மெயின் முதல் கட்டம் ஜனவரியில் நடக்கும், விண்ணப்பம் தீபாவளியை ஒட்டி வரும். ஃபேஷன் டிசைன் படிக்கிற நிஃப்ட்டுக்குப் பொங்கல் வாக்கில் கடைசி நாள் நெருங்கிவிடும். திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்தில் இளநிலை சேரணும்னா க்யூட் தேர்வு எழுதணும், அதற்கும் பொதுத்தேர்வுக்கு முன்னாலேயோ தேர்வு நடக்கிற சமயத்திலேயோ விண்ணப்பிச்சிருக்கணும். நாள் வருஷா வருஷம் கொஞ்சம் முன்னே பின்னே போகும். ஆனால் எதுவும் மே மாசம் வரைக்கும் நமக்காகக் காத்திருப்பதில்லை.

நகரத்துத் தனியார் பள்ளியில் இதையெல்லாம் யாரும் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. பக்கத்து வீட்டு அண்ணன் எழுதியிருப்பான், சித்தப்பா பொண்ணு எழுதியிருப்பாள். எங்கள் பிள்ளைகளுக்கு வீட்டில் முதல் தடவையாக பிளஸ் டூ வரைக்கும் வந்ததே அவர்கள்தான். ஒரு தேர்வு இருக்கிறது என்று தெரிந்தால்தானே அதன் கடைசித் தேதி தெரியும்? அதனால் அரசுப் பள்ளியில் வழிகாட்டல் என்றால், "லட்சியத்தோடு இரு, கனவு காண்" என்று மைக்கில் பேசுவது என்று நான் நினைப்பதில்லை. தேதி சொல்வது. சான்றிதழ் வாங்கித் தருவது. விண்ணப்பத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து நிரப்புவது. குமாஸ்தா வேலை மாதிரி தெரியும். இருக்கட்டும்.

2022 மார்ச் 1-ம் தேதி 'நான் முதல்வன்' திட்டம் தொடங்கினார்கள். அந்த வருஷமே 'கல்லூரிக் கனவு' நிகழ்ச்சிகளும் வந்தன. அதிலிருந்து ஒரு மாற்றம் நிச்சயமாக நடந்திருக்கிறது. முன்பெல்லாம் ஆர்வமுள்ள ஒரு ஆசிரியர் இருந்தால் அந்தப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அதிர்ஷ்டம். இப்போது தலைமையாசிரியர், ஆசிரியர், பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர், முன்னாள் மாணவர் என்று ஒரு குழு இருந்தாக வேண்டும். ஹை-டெக் ஆய்வகத்தில் வீடியோ போடுகிறோம், கையேடு கொடுக்கிறோம். இதையெல்லாம் நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் வீடியோ பார்த்துவிட்டு ஒரு பையன் வந்து, "சார், நான் மெரைன் இன்ஜினியர் ஆகணும்" என்றான். சந்தோஷம். "என்ன குரூப்புடா நீ?" "தூய அறிவியல் சார்." கணக்கு இல்லை. அவனிடம் என்ன சொல்வது?

இங்கேதான் நான் முக்கியமாகப் பேச வந்த விஷயம் இருக்கிறது. பிளஸ் டூவுக்கு அப்புறம் என்ன என்கிற கேள்விக்குப் பாதிப் பதில் பத்தாம் வகுப்பு முடிஞ்ச ரெண்டு வாரத்தில், பதினஞ்சு வயசில் எழுதப்பட்டுவிடுகிறது. பதினொன்றாம் வகுப்பில் குரூப் எடுப்பதைச் சொல்கிறேன். கணக்கு, இயற்பியல், வேதியியல் மூன்றும் இருந்தால் பொறியியல் கலந்தாய்வுக்குப் போகலாம். இருநூற்றுக்குக் கட்-ஆஃப் போடுவார்கள், கணக்குக்கு 100, மற்ற ரெண்டுக்கும் 50, 50. தாவரவியல், விலங்கியல் எடுத்தால் நீட், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், நர்சிங் இதற்கெல்லாம் வழி உண்டு, பொறியியல் போய்விடும். கணக்கும் உயிரியலும் சேர்ந்த குரூப் எடுத்தால் ரெண்டு பக்கமும் போகலாம், பாரம் அதிகம். தேசியப் பாதுகாப்பு அகாடமித் தேர்வை 2021-லிருந்து பெண் பிள்ளைகளும் எழுதலாம். அதிலும் தரைப்படைக்கு எந்தக் குரூப்பாக இருந்தாலும் சரி, கடற்படை, விமானப்படை என்றால் இயற்பியல், வேதியியல், கணக்கு மூன்றும் வேண்டும்.

எங்கள் பக்கம் குரூப் எப்படி எடுக்கிறார்கள் தெரியுமா? சிநேகிதி எடுத்ததை எடுப்பது. மார்க்கை வைத்துப் பள்ளியே பிரிப்பது. 'கணக்கு வாத்தியார் அடிப்பாரு' என்று ஒதுங்குவது. இன்னொன்று, மிக அதிகமாக நடப்பது, ஊருக்குப் பக்கத்தில் இருக்கிற பள்ளியில் அந்தக் குரூப்பே இல்லாமல் இருப்பது. பத்து கிலோமீட்டர் தள்ளி இருக்கிற பள்ளியில் இருக்கும், பொம்பளப் பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்பமாட்டார்கள். ஆக, அவள் வாழ்க்கையின் திசையை டவுன் பஸ் முடிவு பண்ணிவிடுகிறது.

அதுக்காக வணிகவியல் எடுத்தவர்கள் குறைச்சல் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன், என் பாடம் அது. சட்டம் படிக்க எந்தக் குரூப்பும் போதும். தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் ஐந்தாண்டுப் படிப்புகளுக்கு நுழைவுத்தேர்வே கிடையாது, பிளஸ் டூ மார்க்தான். கிளாட் விண்ணப்பக் கட்டணம் பொதுப் பிரிவுக்கும் பிற்படுத்தப்பட்டோருக்கும் 4,000 ரூபாய். எங்கள் பிள்ளைகள் வீட்டில் அது ஒரு மாச மளிகை. ஒரு மாணவி அந்தப் பணத்தைப் பார்த்துவிட்டு வக்கீல் ஆசையையே விட்டுவிட்டாள். மார்க்கை வைத்தே சேரலாம் என்கிற விவரம் அவளுக்குத் தெரியாது. அதைச் சொன்னதும், "அப்ப இத ஏன் சார் யாரும் முன்னாடியே சொல்லல?" என்று கோபமாகக் கேட்டாள். வக்கீலுக்கு வேண்டிய கோபம்தான். இப்போது மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். சி.ஏ.வும் அப்படித்தான். பத்தாம் வகுப்பு முடித்ததுமே ஃபவுண்டேஷனுக்குத் தற்காலிகமாகப் பதிவு செய்து வைக்கலாம், பிளஸ் டூ முடித்துத் தேர்வு எழுதலாம். பி.காம் முடித்துவிட்டுத்தான் சி.ஏ. என்று நினைத்துக்கொண்டிருக்கிற குடும்பம் ஏராளம்.

அடுத்து, காகிதம். சிரிக்காதீங்க, இதில்தான் அதிகம் பேர் விழுகிறார்கள். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ். எல்லாம் இ-சேவை மையத்தில் பதிந்து வாங்கலாம். மே மாதம் எல்லாரும் ஒரே நேரத்தில் போய் நின்றால் என்ன ஆகும்? கிராம நிர்வாக அலுவலர் லீவில் இருப்பார், சர்வர் வேலை செய்யாது. காலாண்டு விடுமுறையில் போய் எடுத்து வையுங்கள் என்று நான் ஒன்பதாம் வகுப்பிலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறேன். வருமானச் சான்றிதழ் மட்டும் காலம் கடந்தால் புதுப்பிக்கணும், மற்றதை முன்கூட்டி எடுப்பதில் நஷ்டமே இல்லை.

பெயர் விஷயம் தனியாகச் சொல்லணும். மதிப்பெண் சான்றிதழில் இனிஷியல், ஆதாரில் அப்பா பெயர் முழுசாக, வங்கிக் கணக்கில் இனிஷியல் பின்னால். மூன்றும் ஒரே பிள்ளைதான் என்று நமக்குத் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது. புதுமைப்பெண் திட்டத்தில் மாசம் ஆயிரம் ரூபாய் வருகிறது, 2022 செப்டம்பரில் தொடங்கியது. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன், 2024 ஆகஸ்டில் இருந்து. டிகிரி, டிப்ளமோ, ஐடிஐ எது படித்தாலும் உண்டு. ஆனால் கணக்கோடு ஆதார் சரியாக இணைந்திருந்தால்தான் பணம் ஏறும். அந்த ஆயிரம் ரூபாய் பஸ்ஸுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் சரியாக இருக்கும், அது வராமல் மூணு மாசம் போனால் காலேஜை நிறுத்துகிற வீடுகள் இருக்கின்றன. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் அனுப்பும்போதே பெயரையும் பிறந்த தேதியையும் பெற்றோர் ஒரு தடவை நேரில் வந்து பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். அவசரத்தில் போடாதீர்கள், கண்ணாடி எடுத்துட்டு வாங்க.

இப்போ 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. 2020-ல் மருத்துவத்துக்கு வந்தது. நீதிபதி கலையரசன் குழு அறிக்கையின் அடிப்படையில் கொண்டுவந்தார்கள். 2021-ல் நீதிபதி முருகேசன் குழுவுக்குப் பிறகு பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் என்று தொழிற்படிப்புகளுக்கும் வந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரைக்கும் அரசுப் பள்ளியில் படித்திருக்கணும். கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டுகிறது. இதற்கான தனிச் சான்று ஒவ்வொரு பள்ளியிலும் வாங்கணும். எட்டாவது வரை ஒரு ஊரு, அப்புறம் வேற ஊரு என்றால் ரெண்டு பள்ளிக்கும் போகணும். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி தனியார் பள்ளியில் எட்டு வரை படித்துவிட்டு ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கும் இது உண்டு. நிறைய பேருக்கு இது தெரியாது. நடுவில் ஏழாம் வகுப்பு ஒரே ஒரு வருஷம் சாதாரணமாகக் கட்டணம் கட்டித் தனியார் பள்ளியில் படித்திருந்தால் கிடையாது. அரசு உதவிபெறும் பள்ளிக்கும் கிடையாது. அது சரியா தப்பா என்று கேட்டால், உதவிபெறும் பள்ளியில் படிக்கிற கிராமத்துப் பிள்ளைக்கும் எங்கள் பிள்ளைக்கும் வீட்டு நிலைமையில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் சட்டம் இப்போதைக்கு இதுதான்.

இந்த ஒதுக்கீட்டைச் சுற்றி ஒரு வியாபாரம் ஓடுகிறது, ஜாக்கிரதை. ரிசல்ட் வந்த வாரத்தில் ஊருக்குள் பைக்கில் ரெண்டு பேர் வருவார்கள். "அம்மா, எங்க காலேஜ்ல 7.5-ல ஃப்ரீ, ஒரிஜினல் மார்க் ஷீட் மட்டும் குடுங்க, சீட்டு கன்ஃபார்ம்." கட்டணச் சலுகை அரசுக் கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால் மட்டும்தான். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்த்துவிட்டால் அந்தச் சலுகை வராது. ஒரிஜினலை வாங்கி வைத்துக்கொண்டு, வேறு இடம் கிடைத்துப் போகிறேன் என்றால் பணம் கட்டிட்டு வாங்கிக்கோ என்பார்கள். நான் ஒரு பையனுக்காக அப்படி ஒரு ஆபீஸ் வாசலில் ரெண்டு நாள் நின்றிருக்கிறேன். அதேபோல் 'நர்சிங்' என்று போர்டு போட்டு மாடியில் ரெண்டு ரூமில் நடக்கிற இடங்கள். தமிழ்நாடு செவிலியர் மன்றத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்க்காமல் சேர்க்காதீர்கள். அங்கீகாரம் இல்லாத படிப்பில் மூணு வருஷம் படித்தாலும் நர்ஸ் என்று பதிவு செய்ய முடியாது.

ஜூன், ஜூலையில் எங்களுக்கு ஒரு வேலை உண்டு. போன வருஷம் பிளஸ் டூ முடித்த ஒவ்வொரு பிள்ளையும் எங்கே சேர்ந்திருக்கிறார்கள் என்று போன் போட்டுக் கேட்டு எமிஸ்ஸில் ஏற்றணும். சேராதவர்களை 'உயர்வுக்குப் படி' முகாமுக்கு அழைத்து வரணும். ஆசிரியர்களில் பலர் இதைச் சுமையாகப் பார்க்கிறார்கள், புரிகிறது. ஆனால் எனக்கு இந்தப் பணியில் கற்றுக்கொண்ட அளவுக்கு எந்தப் பயிற்சியிலும் கிடைத்ததில்லை.

போன் எடுக்கிறது பெரும்பாலும் அம்மாதான். "பாப்பா கம்பெனி வண்டில போறா சார்." ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் தொழிற்சாலை, விடுதி, சாப்பாடு. திருப்பூர் என்றால் பனியன் கம்பெனி. "கல்யாணம் பேசிட்டு இருக்கோம், பதினெட்டு முடியட்டும்னு பாக்குறோம்." "டி.சி. வாங்க வரலாம்னு இருந்தோம், ஒரு நாள் கூலி போயிருமேன்னு..." "அவன் ஒரு பேப்பர் போயிட்டான் சார், வெளிய சொல்ல வெக்கப்பட்டு வீட்லயே இருக்கான்." கடைசியாகச் சொன்னேன் பாருங்க, அதற்கு மட்டும் அப்போதே பதில் இருக்கிறது. ரிசல்ட்டுக்குப் பிறகு துணைத்தேர்வு நடக்கும், அதில் தேறினால் அதே வருஷம் கல்லூரியில் சேரலாம், பொறியியலில் துணைக் கலந்தாய்வும் உண்டு. ஒரு பாடத்துக்காக ஒரு வருஷம் வீட்டில் உட்கார வேண்டியதே இல்லை. போன வருஷம் அப்படி ஒரு பையனை அவன் மாமா வீட்டிலிருந்து கண்டுபிடித்து, துணைத்தேர்வுக்குப் பணம் கட்ட வைத்தோம். கணக்குப்பதிவியல். சாயங்காலம் பள்ளியிலேயே உட்கார வைத்து ஐந்தொகைக் கணக்கு போட்டுப் போட்டுப் பார்த்தோம். தேறினான். அரசுக் கலைக் கல்லூரியில் பி.காம்.

கம்பெனிக்குப் போகிற பொண்ணைப் பற்றி நான் தப்பாகப் பேசமாட்டேன். அவள் சம்பளத்தில் தம்பி படிக்கிறான், வீட்டுக் கடன் அடைகிறது. என் வருத்தம் வேறு. அங்கே அவள் போவது ஒரு வழி தெரிந்து இல்லை, வேறு வழி தெரியாமல். டிப்ளமோ முடித்துவிட்டு அதே தொழிற்சாலைக்குள் போனால் வேறு நாற்காலி கிடைக்கும். இந்தக் கணக்கை அவளிடம் யாராவது முன்னாலேயே போட்டுக் காட்டியிருக்க வேண்டாமா?

அதனால்தான் தொழிற்கல்விப் பிரிவு பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேசுகிறேன். தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி 1978-ல் வந்தபோதே தொழிற்கல்விப் பிரிவும் வந்தது. அடிப்படை இயந்திரவியல், மின் பொறியியல், ஆட்டோமொபைல், நெசவு, செவிலியம், வேளாண் அறிவியல், அலுவலக மேலாண்மை. கையால் செய்து படிக்கிற பாடம். இதில் படித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டு சேரலாம். அதை முடித்தால் பி.இ.யிலும் நேராக இரண்டாம் ஆண்டு. பொறியியல் கலந்தாய்விலும் வேளாண் பல்கலைக்கழகத்திலும் இவர்களுக்குத் தனி இடமும் உண்டு. நல்ல படிக்கட்டுதானே? ஆனால் ஆரம்பத்தில் சேர்ந்த தொழிற்கல்வி ஆசிரியர்கள் ஓய்வு பெறப் பெற, பல பள்ளிகளில் அந்த இடத்தை நிரப்பவில்லை. ஆசிரியர் இல்லை, அதனால் பிள்ளை சேரவில்லை. பிள்ளை இல்லை, அதனால் பிரிவை மூடு. லேத் மிஷின் மேல் கோணிப்பை போட்டு மூடி வைத்திருக்கிற அறையை நான் பார்த்திருக்கிறேன்.

மாவட்டம்தோறும் உறைவிட மாதிரிப் பள்ளி வந்திருக்கிறது, அங்கிருந்து ஐஐடிக்கும் போகிறார்கள். எனக்குப் பெருமையாக இருக்கிறது. ஆனால் என் வகுப்பில் 600-க்கு 330, 370 வாங்குகிற பிள்ளைகள்தான் அதிகம். அவர்களுக்கான படிக்கட்டு எது என்று கேட்டால் நான் இந்தத் தொழிற்கல்விப் பிரிவைத்தான் காட்டியிருப்பேன். மேலே ஏணி போடுகிறோம், நடுவில் இருக்கிற படியைக் கழற்றுகிறோம். ஆசிரியர் நியமனம் போட்டு, பாடத்தை இன்றைய தொழிற்சாலைக்குத் தகுந்தமாதிரி மாற்றினால் இது உயிரோடு எழுந்துவிடும். பத்தாம் வகுப்போடு போகிறவர்களுக்கும் இடம் இருக்கிறது, அதைச் சொல்வதில்லை. கிண்டி சிப்பெட்டில் பிளாஸ்டிக் தொழில்நுட்ப டிப்ளமோ, சேலம் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனத்தில் டிப்ளமோ, ரெண்டுக்கும் பத்தாம் வகுப்பு போதும். ஐடிஐ பற்றிப் பேசினாலே முகம் சுளிக்கிற ஆசிரியர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவங்க வீட்டு ஏசி ரிப்பேர் ஆனா யாரைக் கூப்பிடுவாங்களாம்?

இன்னொரு செய்தி. பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வு 2017-18-ல் வந்தது. பல தனியார் பள்ளிகள் பதினொன்றாம் பாடத்தை நடத்தாமல் நேராகப் பன்னிரண்டுக்குத் தாவிக்கொண்டிருந்தார்கள், அதைத் தடுக்கத்தான். 2025-ல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையோடு அந்தப் பொதுத்தேர்வு எடுக்கப்பட்டது. பிள்ளைகளுக்கு மூச்சுவிட ஒரு வருஷம் கிடைத்திருக்கிறது. அந்த வருஷத்தை நாங்கள் எப்படிச் செலவு செய்யப் போகிறோம் என்பதுதான் எனக்குக் கவலை. பழையபடி பன்னிரண்டாம் பாடத்தை இங்கேயே தொடங்கிவிடுகிற ஆசை அரசுப் பள்ளியிலும் வரும், தேர்ச்சி விகிதம் கேட்டு மீட்டிங் போடுகிறவரை வரத்தான் செய்யும். எங்கள் பள்ளியில் வாரம் ஒரு பீரியடைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறோம். பஸ் வைத்துப் பக்கத்துப் பாலிடெக்னிக், அரசுக் கல்லூரி, நீதிமன்றம், கூட்டுறவு வங்கி என்று கூட்டிக்கொண்டு போகிறோம். வங்கி மேனேஜர் மேசைக்குப் பின்னால் எங்கள் ஊர் அக்கா ஒருத்தர் உட்கார்ந்திருந்தார். பிள்ளைகள் அவரிடம் முதலில் கேட்ட கேள்வி, "அக்கா, நீங்க என்ன குரூப்பு?"

சரி, இது செப்டம்பர். காலாண்டுத் தேர்வு விடுமுறை வருகிறது. பிளஸ் டூ பிள்ளை வீட்டில் இருந்தால், கிளாட், ஜேஇஇ தேதிகளை அந்தந்தத் தேர்வின் அதிகாரபூர்வ தளத்தில் இன்றைக்கே பாருங்கள், வாட்ஸ்அப்பில் வருவதை நம்பாதீர்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளை என்றால் சான்றிதழ்களை எடுத்துவிட்டு, பக்கத்தில் எந்தெந்தப் பள்ளியில் என்னென்ன குரூப் இருக்கிறது, பஸ் எத்தனை மணிக்கு என்று போய் விசாரித்துவிட்டு வாருங்கள். பிள்ளையையும் கூட்டிட்டுப் போங்க.

முதல் பட்டதாரிச் சான்றிதழ் பற்றி மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். அண்ணனோ அக்காவோ ஏற்கெனவே பட்டம் வாங்கியிருந்தாலோ, அந்தச் சலுகையில் படித்துக்கொண்டிருந்தாலோ தம்பிக்குக் கிடைக்காது. இரட்டைப் பிள்ளைகள் விஷயத்தில் ஒருவர் கேட்ட கேள்விக்கு வட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரித்துவிட்டு அடுத்த அத்தியாயத்தில் சொல்கிறேன். அடுத்த முறை பாலிடெக்னிக் சேர்க்கை பற்றி முழுசாகப் பேசலாம். கேள்விகளைக் குரல் செய்தியாக அனுப்புங்கள், பிள்ளை என்ன வகுப்பு, என்ன குரூப் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.